டேப் வேண்டாம் என்ற பாடகர்

எந்த மைக் நல்ல மைக், எந்த ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைக் கடைக்காரரே சொல்லுவார், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார். சவுண்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், நான் ஓய்வு பெற்ற பிறகும் தேடி வந்து பொத்தான்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பொத்தான் எல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும். மைதானம் நிறைய ஜனம் நிற்கும்போது மேடையில் ஏதோ ஒன்று கெட்டுப்போனால், ஒரே சமயத்தில் நாலு பேர் உங்களிடம் நாலு விதமாகச் சொல்லுவார்கள். அதில் யார் பேச்சைக் கேட்பது என்று பிடிபடத்தான் காலம் ஆகும். அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு ரெகே பாட்டின் கதைதான்.

நான் ஆக்லாந்துக்கு வந்தது ஒரு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவோடு. விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒனிஹங்காவில் ஒலிச் சாதனங்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் ரிப்பேர் பார்க்க ஆள் தேடினார்கள். ரிப்பேருக்குப் போனவனை லாரியில் ஏற்றினார்கள், லாரியில் போனவனை, ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் மிக்சர் முன்னால் நிறுத்தினார்கள். தெற்கு ஆக்லாந்தில் மிக்சர் முன்னால் நின்றுவிட்டால் ரெகே என்கிற ஜமைக்கா இசையிடமிருந்து தப்ப முடியாது. கல்யாணம், இருபத்தோராவது பிறந்தநாள், பள்ளிக்கூட விழா, சர்ச்சுக்குக் கூரை போட நிதி திரட்டுவது, எங்கே போனாலும் அதுதான்.

ஜமைக்கா எங்கே இருக்கிறது, தெற்கு ஆக்லாந்தின் மனுகாவ் எங்கே இருக்கிறது என்று நானும் ஆரம்பத்தில் கேட்டேன். எழுபதுகளின் கடைசியில் ரெகேயின் மிகப் பெரிய பாடகர் இந்த ஊருக்கு வந்து ஒரே ஒரு கச்சேரி செய்துவிட்டுப் போனாராம். அதைக் கேட்ட, இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிப் பிள்ளைகளும், சமோவா, டோங்கா என்று தீவுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்க் கிட்டாரை எடுத்தார்கள், இன்னும் கீழே வைக்கவில்லை. அவருடைய பிறந்தநாளும், மாவோரிகளோடு வெள்ளைக்காரர்கள் ஒப்பந்தம் போட்ட வைத்தாங்கி நாளும் ஒரே தேதியில் வேறு வந்து தொலைக்கின்றன. அதனால் அந்த அரசு விடுமுறையன்று பூங்காவுக்குப் பூங்கா ரெகே கச்சேரி. ஒருவர் மேடையேறி நிலம் பறிபோன கதையைக் கோபமாகப் பேசுவார், அடுத்தவர் ரெகே பாடுவார். இரண்டும் ஒரே பேச்சுதான் என்பார்கள். யோசித்துப் பார்த்தால் சரிதான்.

என் முதல் ரெகே கச்சேரியில் நான் செய்ததை நம் ஊர் ஆள் மட்டும்தான் செய்வான். சினிமாப் பாட்டில் வளர்ந்த காது நம்முடையது. பாடுபவரின் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், மற்ற வாத்தியமெல்லாம் பின்னால் கைகட்டி நிற்க வேண்டும். அப்படியே குரலைத் தூக்கி வைத்து, பாஸ் கிட்டாரை அடக்கி வைத்தேன். இடைவேளையில் பாஸ் வாசித்த டோங்கா நாட்டுக்காரர் மேடையை விட்டு இறங்கி வந்தார். “பாட்டுக்காரனோட பல்லெல்லாம் எனக்குத் தெரியுது. என் கால் எங்கே வைக்கணும்னுதான் தெரியலை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். ரெகேயில் பாஸ்தான் தரை. அன்றிலிருந்து தரையை முதலில் போட்டுவிட்டுத்தான் ஆளை நிறுத்துவேன். ஆனாலும் குரல் காணாமல் போனால் கை தானாக அதைத் தேடி ஓடும், அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

இந்தப் பழக்கத்தால்தான் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் நடந்த கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அங்கே ஒருவர் ஒரு பாட்டை ரெக்கார்டாக வெட்டும்போது குரலைச் சேர்க்க மறந்துவிட்டாராம். தாளமும் பாஸும் மட்டும் இருந்த அந்த ரெக்கார்டைத் தெருவில் ஒலிபெருக்கி கட்டி ஆடுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். ஆடிக்கொண்டிருந்த ஜனம் காலியாக இருந்த இடத்தில் தாங்களே பாட ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து கிளம்பியதுதான் டப் என்கிற இசை. அதற்கப்புறம் அந்த ஊரில் மிக்சர் முன்னால் இருப்பவனையும் ஒரு வாத்தியக்காரனாகவே மதித்தார்கள். நமக்கு இங்கே சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தால் பெரிய விஷயம்.

இனி, அப்படி ஒரு பிப்ரவரி விடுமுறையன்று நடந்தது. ஜமைக்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பெயர் சொல்லப் போவதில்லை. ரெகே பிறப்பதற்குச் சற்று முன்னால், வேகம் குறைந்து குழைந்த பாட்டுகள் அங்கே வந்துகொண்டிருந்த காலத்தில் பாட ஆரம்பித்தவர். அவருடைய ஒரு பாட்டைத் தெற்கு ஆக்லாந்தில் பால் குடிக்கும் பிள்ளையிலிருந்து எல்லாரும் அறிவார்கள். இந்த ஊருக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. அவர் நடையைப் பார்த்தபோது அதுதான் கடைசித் தடவையும் என்று தெரிந்தது.

காலையில் ஒலி சரிபார்க்க வந்தவர் மேடைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தார். அவர் பேசிய ஜமைக்கா ஆங்கிலம் எனக்கு முக்கால்வாசிதான் புரியும், ஆனால் அன்று சொன்னது முழுக்கப் புரிந்தது. அந்தப் பாட்டின் ரெக்கார்டில் பின்பாட்டு மூன்று குரல். மேல் குரல் அவர் மனைவி. அந்த அம்மாள் இறந்து பல வருஷம் ஆகிறது.

“போன ஊர்ல பாடிக்கிட்டிருந்தேன். பின்னாலேர்ந்து அவள் குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எவனோ டேப் போட்டிருக்கான்” என்றார். “என் குரல் போனா போகட்டும். செத்தவளைக் கொண்டுவந்து என் பின்னால நிறுத்தாதே. இன்னொரு தடவை டேப் கேட்டா மைக்கை வச்சிட்டுப் போயிடுவேன். அதோட சரி, எங்கேயும் பாடமாட்டேன்.”

நான் தலையை ஆட்டினேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவர் மகள் ஒரு லேப்டாப்போடு வந்தாள். அவள்தான் அவருக்கு மேனேஜர். பழைய ரெக்கார்டிலிருந்து குரல்களை மட்டும் கம்ப்யூட்டரில் பிரித்து எடுத்து வைத்திருந்தாள். இளவயது அப்பாவின் குரல், அம்மாவின் குரல், எல்லாம் அதில் இருந்தது. டிரம்மரின் காதில் தாளம் ஓடும், அதோடு சேர்ந்து இந்தக் குரல்களும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டரில் இருந்தாலும் எங்களுக்கு அது டேப்தான். அப்பாவின் குரல் உடைந்தால் நான் மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒரு ஃபேடரை மேலே தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

“அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்” என்றேன்.

“உங்ககிட்ட சொல்லியிருப்பார், தெரியும்” என்றாள். “முந்தின டூர்ல குரல் உடைஞ்சதை ஒருத்தன் போன்ல படம் பிடிச்சுப் போட்டுட்டான். உலகமே பார்த்துச் சிரிச்சது. அப்பா ஹோட்டல் ரூமைப் பூட்டிக்கிட்டுச் சாப்பிடாம கிடந்தார். இன்னொரு தடவை அப்படி ஆனா அவர் தாங்கமாட்டார். அவர் கோபப்பட்டா என் மேல படட்டும். சிரிக்கிறதை மட்டும் என்னால பார்க்க முடியாது.”

அவளுக்கும் தலையை ஆட்டினேன். வயரை வாங்கிச் செருகினேன்.

மேடை ஓரத்தில் நின்று, பாடுபவர்களின் காலடியில் இருக்கும் ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொள்வது தர்ஷினியின் வேலை. யாழ்ப்பாணத்துப் பெண். வார நாளில் மனுகாவில் ஒரு அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்ப்பாள், விடுமுறை நாளில் எங்களோடு வந்துவிடுவாள். தலையில் மாட்டும் ஹெட்செட்டில் நாங்கள் இருவரும் தமிழிலேயே பேசிக்கொள்வோம். வேறு யாருக்கும் புரியாது என்பதில் ஒரு வசதி.

“அண்ணா, அந்த மனுசனுக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டியள், மகளுக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டியள். நான் இஞ்சையிருந்து பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

“யாருக்கும் ஆமான்னு சொல்லலைம்மா. தலையத்தான் ஆட்டினேன்.”

“அவையளுக்கு உங்கட தலையாட்டல் விளங்குமே? ரெண்டு பேரும் சந்தோசமாப் போகினம்.”

அவள் சொன்னது சரி. ‘நீங்கள் சொல்வது காதில் விழுந்தது’ என்பதற்கு நாம் ஆட்டும் தலை, மற்றவர்களுக்கு ‘அப்படியே ஆகட்டும்’ என்று தெரியும். இருபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் என் கழுத்துக்கு அது ஏறவில்லை. அப்பாவும் மகளும் என்னை நம்பிவிட்டுப் போய்விட்டார்கள். யாரோ ஒருவரை நான் ஏமாற்றப் போகிறேன் என்பது மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் முழுதாக உறைத்தது.

பெரியவர் மேடையேறியபோது நல்ல வெயில். துறைமுகப் பக்கமிருந்து காற்று. மடக்கு நாற்காலி, சில்லி பின் என்கிற ஐஸ் பெட்டி, கொடி, குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் சில பாட்டுகள் நன்றாகவே போயின. குரல் மெலிந்திருந்தது, ஆனால் தாக்குப்பிடித்தது. மகள் என் பக்கத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அந்தப் பாட்டு. மைதானமே எழுந்துவிட்டது. முதல் சரணம் தாண்டினார். இரண்டாவது சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. இருமிவிட்டு மறுபடி எடுத்தார். காற்றுதான் வந்தது. மூன்றாம் முறை வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. முன் வரிசையில் இரண்டு மூன்று போன்கள் உயர்ந்தன.

“இப்போ! தள்ளுங்க!” என்றாள் மகள்.

என் விரல் ஏற்கனவே அந்த ஃபேடர் மேல்தான் இருந்தது. குரல் காணவில்லை, கொண்டுவந்து வை என்று கை துடித்தது. தள்ளியிருந்தால் பாட்டு பிழைத்திருக்கும், யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் பெரியவர் திரும்பிப் பார்ப்பார். காலையில் அவர் அதைச் சொன்ன முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த நொடியில் இடது பக்கக் கூட்டத்திலிருந்து ஏதோ கேட்டது. பல்லவி வந்துவிட்டிருந்தது, சில பெண்கள் அதைப் பாட ஆரம்பித்திருந்தார்கள். நான் டேப்பின் ஃபேடரிலிருந்து விரலை எடுத்தேன். கிட்டாரை இறக்கினேன், கீபோர்டை இறக்கினேன். டிரம்மும் பாஸும் மட்டும் மிஞ்சின.

நடுவில் இடம் காலியானதும் கூட்டத்துக்குத் தன் சத்தம் தனக்கே கேட்டது. அது வளர்ந்தது. இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாவோரி வழக்கத்தில் ஒருவர் எழுந்து பேசி முடித்தால், அவரைச் சேர்ந்தவர்கள் எழுந்து அவர் பக்கத்தில் நின்று பாட வேண்டும். பேசியவரைத் தனியாக விடுவது கௌரவக் குறைவு. சர்ச்சில் வளர்ந்த சமோவாக்காரர்களும் டோங்காக்காரர்களும் இன்னொரு விதம். பக்கத்தில் இருப்பவர் மெட்டைப் பிடித்துவிட்டால் தானும் அதையே பாடமாட்டார்கள், மேலேயோ கீழேயோ வேறு குரலை எடுத்துக்கொள்வார்கள். ஆக அன்று மைதானம் பாடியது பாடகரின் மெட்டை மட்டும் இல்லை. ரெக்கார்டில் இருந்த மூன்று பின்பாட்டுக் குரல்களையும், அளவு பிசகாமல், பாடியது. மேல் குரல் உட்பட.

நான் கொஞ்சம் பெருமையாகக்கூட நின்றிருந்தேன். அப்போது பெரியவர் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி, விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார். நிறுத்து.

“அண்ணா, வெட்டச் சொல்லிக் காட்டுறார். டேப் போட்டனீங்களோ?”

“இல்லம்மா. தொடவே இல்லை. ஜனங்க பாடறாங்க.”

“எனக்கே டேப் மாதிரித்தான் கேக்குது. இவ்வளவு வடிவாச் சனம் பாடுமே?”

“அவர் காதுல போய்ச் சொல்லு.”

அவள் ஓடிப்போய் அவர் காதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். “சொன்னனான். என்னை நம்பேல்லை, கையைத் தட்டி விட்டுட்டார். ஊர் ஊராப் பாடினவர், அண்ணா. சனம் பாட்டைத்தான் பாடும், பின்பாட்டைப் பாடாது எண்டுறார். மைக்கைத் திருப்பி ஸ்டாண்டில வைக்கப் போறார். கண் கலங்கியிருக்கு. கெதியா ஏதும் செய்யுங்கோ.”

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. எல்லா ஒலியையும் ஒரேயடியாக நிறுத்துவது. இந்தத் தொழிலில் நாம் கனவில் கண்டு பயப்படுவது அதைத்தான். ஸ்பீக்கர் செத்துப்போனால் கூட்டம் பாதி வார்த்தையில் நின்றுவிடும், அடுத்து விசில் வரும், ஊளை வரும். அதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. நான் ஒலியை நிறுத்தும் நொடியில் கூட்டமும் நிறுத்தினால், அது டேப்தான் என்று பெரியவருக்கு உறுதியாகிவிடும். பிறகு யார் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். மனைவியின் குரலை இரண்டாம் தடவையும் திருடிவிட்டார்கள் என்ற எண்ணத்தோடு விமானம் ஏறிவிடுவார்.

“தர்ஷினி, உன் பக்கத்து ஸ்பீக்கரையும் சேர்த்து மூடணும். நான் சொன்னதும்.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்.”

“சனம் நிப்பாட்டினா?”

“நாளைலேர்ந்து பழையபடி ரிப்பேர் பாக்கறேன். மூடு.”

மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கத்தினாள். இன்னொரு கையால் மூடினேன்.

பாஸ் போனது. தரை போனது. டிரம்மர் ஒன்றும் புரியாமல் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கூட்டத்தின் பாட்டு தடுமாறியது. முன் வரிசை நின்றேவிட்டது. ஒரு குழந்தை அழுவது கேட்டது, யாரோ விசிலடித்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

ஆனால் பின்னால் உணவுக் கடைகளின் பக்கம் நின்றவர்களுக்கு மேடையில் நடந்தது சரியாகத் தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தார்கள். அந்த வரி முன்னால் நகர்ந்து வந்தது. நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பீக்கர் இல்லை, மேடையில் ஒரு வாத்தியம் இல்லை. மூன்று குரலும் அப்படியே திரும்பி வந்தன, பெண்கள் மேல் குரலை எடுத்துக்கொண்டு.

பெரியவர் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நின்றார். தன் காலடியில் இருந்த ஸ்பீக்கரைக் குனிந்து பார்த்தார். கையால் தொட்டார். அதில் அதிர்வு இல்லை. மெதுவாக நடந்து மேடையின் விளிம்புவரை வந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அவர் வாய் அசைந்தது.

“தர்ஷினி, என்ன பண்றார்? பாடறாரா?”

நிமிர்ந்து பார்த்தால் அவள் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கையைக் கன்னத்தில் வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடியிருக்கிறார். உடைந்த குரலில், மனைவியின் குரலுக்குக் கீழே வரும் குரலைப் பாடினார் என்று அவள் பிறகு சொன்னாள். மைக் இல்லாததால் மேடை ஓரத்தில் நின்ற நாலைந்து பேருக்குத்தான் அது கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. டிரம்மர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார், ஒலியைத் திரும்பக் கொடு என்று அர்த்தம். நான் கொடுக்கவில்லை. கச்சேரியை ஏற்பாடு செய்தவர் ஓடி வந்து என்னவோ கத்தினார். அவருக்குத் தலையைக்கூட ஆட்டவில்லை.

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை எப்போது விட்டதென்று தெரியவில்லை. திரும்பினேன். மகள் மேடையைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தாள், அவள் அம்மாவின் குரலை, அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக. அவளுடைய லேப்டாப் என் முன்னால் திறந்தபடியே இருந்தது. திரையில் டேப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒருவர் காதிலும் விழாமல். அதைக் காட்டும் கோடு கடைசிவரை போய் நின்றது. மைதானத்தில் பாட்டு இன்னும் முடியவில்லை.